வன்தட்டின் நாடி பார்த்தல்

வீட்டில் உள்ள பொருள்கள் பழுதடைவது புதுமையன்று. நீரிறைக்கும் இயந்திரம் நின்றுபோனால் அதனைத் திருத்துவிக்கிறோம். மின்விசிறி சுழல மறுத்தால் வேறொன்று வாங்குகிறோம். நட்டம் பணத்தோடு முடிந்துவிடுகிறது. ஆனால், காணி உறுதி வைத்த பெட்டியைக் கறையான் அரித்துவிட்டால் பெட்டியின் விலையை எண்ணி எவரும் வருந்துவதில்லை. உள்ளே இருந்தது போயிற்றே என்பதே துயரம். வீட்டுக் கணினியில் உள்ள வன்தட்டு, அஃதாவது பலரும் ‘ஹார்ட் டிஸ்க்’ என வழங்கும் உறுப்பு, இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. கணினியின் ஏனைய உறுப்புகள் யாவும் விலைக்குக் கிடைப்பன. வன்தட்டில் எழுதப்பட்டிருப்பதோ எந்தக் கடையிலும் கிடைப்பதன்று.

உயர்தர வகுப்பில் கற்கும் மாணவி ஒருவர் இது தொடர்பாக எமக்கு ஒரு கடிதம் வரைந்துள்ளார். அதன் சாரம் வருமாறு: அவர்கள் வீட்டுக் கணினி 7 ஆண்டுப் பழமையுடையது. சில வாரங்களாக அது ஆயத்தமாவதற்குக் கால் மணித்தியாலத்துக்கு மேற் செல்கிறது. படங்கள் உள்ள கோப்புறையைத் திறந்தால் திரை அப்படியே உறைந்து நிற்கிறது. இடையிடையே உள்ளேயிருந்து ‘டிக்’ என்றொரு மெல்லிய ஒலியும் எழுகிறது. பழுதுபார்ப்பவர் ஒருவர், “எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் பதித்தால் சரியாகிவிடும்” என்கிறார். ஆனால், 3 ஆண்டுகளுக்கு முன் காலமான தந்தையாருடைய படங்களும், அவர் குரல் பதிந்த சில காணொளிகளும் அக்கணினியில் மாத்திரமே உள்ளன. வன்தட்டுத்தான் பழுதா, அன்றி வேறேதும் கோளாறா, அதனை எங்ஙனம் அறிவது என்பது அவர் வினா.

இவ்வினா ஒரு வீட்டுக்கு மாத்திரம் உரியதன்று. ஆதலின் விரிவாகவே விடை கூறுகிறோம். எனினும் விடையின் முதல் வரியை இப்போதே சொல்லிவிடுதல் நன்று: கணினியை உடனே நிறுத்திவிடுக, எதனையும் அழிப்பதற்கு எவரையும் அனுமதியாதிருக்க. ஏன் என்பதை இனி நோக்குவோம்.

உள்ளே நடப்பது யாது?

வன்தட்டு நேற்றுத் தோன்றிய சாதனமன்று. 1956ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட ‘ரமாக்’ என்னும் கணினியோடு அது உலகுக்கு அறிமுகமாயிற்று. இரண்டடி விட்டமுள்ள 50 தகடுகளை அடுக்கிய அப்பெருஞ் சாதனம் 50 இலட்சம் எழுத்துகளையே தாங்கியது. இன்று கைபேசியில் எடுக்கும் ஒரே ஒரு படத்துக்கு அந்த இடம் போதுமா என்பது ஐயமே. உருவம் உள்ளங்கையளவுக்குச் சுருங்கிக் கொள்ளளவு பல்லாயிரம் மடங்கு பெருகிவிட்டபோதிலும், அடிப்படை மாறவில்லை.

வன்தட்டின் உள்ளே அலுமினியத்தால் அல்லது கண்ணாடியால் ஆன வட்டத் தகடுகள் உள்ளன. அவற்றின்மீது மெல்லிய காந்தப் பூச்சு உண்டு. அத்தகடுகள் நிமிடத்துக்கு 5,400 தடவை அல்லது 7,200 தடவை சுழல்கின்றன. 7,200 என்பது வினாடிக்கு 120 சுற்று. மேசைக் கணினியின் தட்டில் வெளி விளிம்பு மணிக்கு 120 கிலோமீற்றரை விஞ்சும் வேகத்தில் விரைகிறது என்று மாணவர்கள் தாமே கணக்கிட்டுக் காணலாம்; தகட்டின் விட்டத்தை 95 மில்லிமீற்றர் எனக் கொள்க. இவ்வேகத்தில் விரையும் தகட்டைத் தொடாமல், அதற்கு மேலே சில நனோமீற்றர் உயரத்தில், காற்றுப் படலத்தின்மீது மிதந்தவாறு வாசிப்பு முனை எழுத்தைப் படிக்கிறது. நம் தலைமயிரின் பருமன் பல்லாயிரம் நனோமீற்றர் என்பதை இதனோடு ஒப்பிட்டால், ஒரு தூசி உள்ளே புகுந்தாலும், இயங்கும்போது கணினி சற்று அதிர்ந்தாலும் என்ன நேரலாம் என்பது விளங்கும்.

தகட்டின் பரப்பு ‘செக்டர்’ எனப்படும் சிறு கூறுகளாக வகுக்கப்பட்டுள்ளது. பழைய தட்டுகளில் ஒரு கூறு 512 பைட் கொண்டது. புதியவற்றில் 4,096 பைட். ஒவ்வொரு கூற்றோடும், பிழை நேர்ந்தால் கண்டு திருத்துதற்கான மேலதிகக் குறியீடும் சேர்த்து எழுதப்படுகிறது. ஒரு கூறு தெளிவாகப் படியவில்லையெனின், தட்டு உடனே கைவிட்டுவிடுவதில்லை. மீண்டும் மீண்டும் படித்துப் பார்க்கிறது. அந்த முயற்சி நடக்கும் வினாடிகளிலேதான் திரை உறைகிறது. கணினி சோம்பியிருப்பதாக நமக்குத் தோன்றும் அந்நேரத்தில், உண்மையில் வன்தட்டுத் தன் முழு வலிமையோடும் போராடிக்கொண்டிருக்கிறது.

எத்தனை தடவை முயன்றும் படியாத கூற்றைத் தட்டு ‘ஐயத்துக்குரியது’ எனக் குறித்து வைக்கிறது. பின்னர் அவ்விடத்தில் புதிதாக எழுத நேரும்போது பரிசோதித்து, இடம் கெட்டதெனக் கண்டால் அதனை விலக்கி, இதற்கெனவே ஒதுக்கிய சேமப் பகுதியில் வேறொரு கூற்றைத் தருகிறது. கொப்பியிற் கிழிந்த பக்கத்தை விட்டுவிட்டுக் கடைசிப் பக்கங்களில் எழுதுவது போன்ற ஏற்பாடு இது. கடைசிப் பக்கங்களுக்கும் எல்லை உண்டு.

ஒலியின் காரணம் வேறு. தான் நிற்கவேண்டிய இடத்தைக் காட்டும் அடையாளங்களை வாசிப்பு முனையாற் கண்டுபிடிக்க இயலாதபோது, அது தன் ஓய்விடத்துக்குத் திரும்பி மறுபடியும் புறப்படுகிறது. அந்தப் போக்குவரத்தே ‘டிக், டிக்’ என ஒலிக்கிறது. ஒரே சீராகத் திரும்பத் திரும்ப எழும் இவ்வொலி, முனையே ஊறுபட்டிருக்கலாம் என்பதற்கு அறிகுறி. ஊறுபட்ட முனை சுழலும் தகட்டைச் சுரண்டத் தொடங்கினால், சுரண்டப்பட்ட இடத்தில் எழுதியிருந்தது என்றைக்கும் மீளாது.

முதலிற் படி, பிறகு பரிசோதனை

சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887ஆம் ஆண்டில் கலித்தொகையைப் பதிப்பித்து வெளியிட்டார்கள். அப்பெரியார் காலத்து ஏட்டுச் சுவடிகள் கையிலெடுத்தாலே உதிரும் நிலையில் இருந்தன. அவற்றைப் பிரித்துப் படிப்பதே அவற்றுக்கு ஊறாயிற்று. அத்தகைய சுவடி ஒன்று கிடைத்தால், அது எத்தனை ஆண்டுப் பழமையுடையது, எந்தப் பூச்சி அரித்தது என்று முதலில் ஆராய்ந்துகொண்டிருத்தல் பேதைமை. பிரிக்கும் முதல் தடவையிலேயே படியெடுத்துக்கொள்ள வேண்டும். ஆராய்ச்சியைப் படியின்மீது எத்தனை நாளும் நடத்தலாம்.

நோயுற்ற வன்தட்டும் அத்தகைய சுவடியே. ஒவ்வொரு வாசிப்பும் அதன் எஞ்சிய ஆயுளிற் சிறிது கொள்ளுகிறது. இங்கேதான் பலர் வழி தவறுகின்றனர். சந்தேகம் எழுந்தவுடன் பரிசோதனைச் செயலிகளைத் தேடி ஓட விடுகிறார்கள். ஒரு டெராபைட் தட்டின் பரப்பு முழுவதையும் படித்துப் பார்க்கும் பரிசோதனை, நல்ல தட்டிலேயே ஏறக்குறைய 3 மணித்தியாலம் எடுக்கும். நலிந்த தட்டில் அது ஓர் இரவைக் கடந்தும் நீளலாம். அந்நேரத்தில் தட்டு இறந்துபோனால், “ஆம், பழுதுதான்” என்ற விடை கிடைத்துவிடும், படங்கள் கிடையா.

ஆகவே, அறிகுறியைக் கண்டவுடன் இரண்டில் எது நம் நிலை என்பதை மாத்திரம் தீர்மானித்தல் போதும். ஒலி சீராகத் தொடர்ந்து எழுந்தாலும், தட்டுச் சுழலத் தொடங்கி நின்று நின்று போனாலும், கணினி அதனை அடையாளங் காணவே மறுத்தாலும், அது வீட்டு வைத்தியத்துக்கு அடங்காத நிலை. மின்னிணைப்பைத் துண்டித்து, தரவு மீட்பையே தொழிலாகச் செய்யும் நிபுணரிடம் கொடுக்க வேண்டும். செலவு மிகுதியாகலாம், ஆதலால் உள்ளே இருப்பதன் மதிப்பைக் குடும்பத்தினர் கூடி ஆலோசித்து முடிவு செய்வார்களாக. அத்தகைய ஒலியின்றி, மெதுவாயினும் கோப்புகள் திறக்கின்றன எனில், நாமே படியெடுக்கலாம்.

படியெடுக்கும்போது நோயுற்ற தட்டிலிருந்தே விண்டோஸை இயக்காதிருப்பது நலம். விண்டோஸ் நமக்குத் தெரியாமலே ஓயாது படித்தும் எழுதியும் கொண்டிருக்கும். அத்தட்டைக் கழற்றி வேறொரு கணினியில் இரண்டாம் தட்டாக இணைக்கலாம். அன்றேல், உபுண்டு போன்ற லினக்ஸ் முறைமையை ஒரு பென் டிரைவில் பதித்து, அதிலிருந்து கணினியை இயக்கலாம். இதற்குப் பணச் செலவு இல்லை. வேறு கணினியில் இணைத்தவுடன், “இத்தட்டிற் பிழையுண்டு, திருத்தலாமா?” என்றோ, “ஃபோர்மற் செய்யலாமா?” என்றோ விண்டோஸ் வினவினால் வேண்டாம் என்றே விடையளிக்க வேண்டும்.

எதனை முதலிற் படியெடுப்பது? மீண்டும் பெற முடியாதவற்றை. குடும்பப் படங்கள், காணொளிகள், குரற்பதிவுகள் முதலில். அடுத்துப் பிள்ளைகளின் பாடக் குறிப்புகள், செயற்றிட்டங்கள், கணக்குகள், கடிதங்கள். சான்றிதழ்களின் படிகள் அதற்கடுத்து. திரைப்படங்களையும் பாடல்களையும் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம். விண்டோஸையும் செயலிகளையும் படியெடுக்கவே வேண்டியதில்லை. ஒரே தடவையில் எல்லாவற்றையும் இழுத்துப் போடாமல், சிறு சிறு தொகுதிகளாக எடுக்க வேண்டும். ஒரு கோப்பு அசையாமல் நின்றால் அதனைத் தாண்டி அடுத்ததற்குச் செல்க. அதனோடு மல்லுக்கு நிற்பது கடைசி வேலையாகட்டும். 60 ஜிகாபைட் அளவான படங்கள், வினாடிக்கு 30 மெகாபைட் வேகத்தில், நல்ல தட்டிலிருந்து அரை மணித்தியாலத்திற் சற்றுக் கூடிய நேரத்தில் வந்துவிடும். நலிந்த தட்டு ஒரு நாளே எடுத்தாலும் பொறுமை வேண்டும். தட்டு மிகையாகச் சூடேறாமல் மின்விசிறிக் காற்றுப் படும்படி வைத்தல் நன்று.

லினக்ஸ் பழக்கமுள்ள மாணவர்கள், ஜீ.என்.யூ. ‘டிடிரெஸ்கியூ’ என்னும் செயலியைக் கேள்விப்பட்டிருப்பர். அது தட்டு முழுவதையும் அதற்குச் சமமான அல்லது பெரிய வேறொரு தட்டுக்குப் படியெடுக்கிறது. இலகுவிற் படியும் பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, இடர்ப்பட்ட இடங்களைக் குறித்துவைத்து, அவற்றுக்குப் பிறகு திரும்பி வருவது அதன் சிறப்பு. இடையில் நிறுத்தினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். எனினும் படியெடுக்கும் தட்டு எது, பெறும் தட்டு எது என்பதை மாற்றிக் கொடுத்துவிட்டால் உள்ளதும் அழிந்துபோகும். ஆதலின் இருமுறை சரிபார்த்த பின்னரே தொடங்க வேண்டும்.

குற்றவாளி யார்?

படியெடுத்தாயிற்று, இனி அச்சமின்றி விசாரணையைத் தொடங்கலாம். வன்தட்டின்மேற் சுமத்தப்படும் குற்றங்கள் பலவற்றை வேறு உறுப்புகள் செய்திருக்கக்கூடும் என்பதால், குறிகளைப் பிரித்தறிதல் அவசியம்.

ஒரே கோப்பு, ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் நின்றுபோகிறதா? தகட்டின் அந்த இடம் கெட்டிருத்தல் கூடும். இன்று ஒரு கோப்பும் நாளை வேறொன்றுமாகப் பழுதாகின்றனவா, கணினி தானே அணைந்து எழுகிறதா? அப்படியாயின் ‘ராம்’ எனப்படும் நினைவகத்தையோ மின்வழங்கியையோ ஐயுற வேண்டும். நினைவகத்தைப் பரிசோதிக்கும் கருவி விண்டோஸிலேயே உண்டு. தட்டுத் திடீரென மறைந்து பின்னர்த் தோன்றுகிறதா? தளர்ந்த கேபிள் அல்லது போதிய மின் கிடையாமை காரணமாகலாம். எந்தக் கோப்பு என்றில்லாமல் எப்போதும் எல்லாமே மெதுவாக நடைபெற்று, ஒலியும் பிழைச் செய்தியும் இல்லையெனின், நினைவகம் போதாமை, தட்டு நிரம்பி வழிதல், தீநிரல் புகுந்திருத்தல் என்பவற்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஐயந் தீர்க்கும் வழி, விஞ்ஞான ஆய்வுகூடத்தில் மாணவர் கற்கும் வழியேதான்: ஒரு நேரத்தில் ஒரு மாறியை மாத்திரம் மாற்றுக. முதலிற் கேபிளை மாற்றுக. குறை நீங்கினால் 7 ஆண்டுக் கேபிளே குற்றவாளி. நீங்காவிடின் கேபிளைச் செருகிய வாயிலை மாற்றுக. அதற்கும் நீங்காவிடின் தட்டை வேறொரு கணினியில் இணைத்துப் பார்க்க. குறை தட்டோடு கூடவே சென்றால் தட்டுத்தான். பழைய கணினியிலேயே தங்கிவிட்டால் தட்டு நிரபராதி. கேபிள், வாயில், மின்வழங்கி மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டு, “எப்படியோ சரியாயிற்று” என மகிழ்ந்தால் எது சரியாயிற்று என்பது தெரியாது. எது மீண்டும் கெடும் என்பதும் தெரியாது.

விண்டோஸில் நிகழ்ச்சிப் பதிவேடு ஒன்றுண்டு. ‘ஈவன்ட் வியூவர்’ என அதனைத் திறந்து, முறைமைப் பகுதியிற் ‘டிஸ்க்’ என்ற பெயரில் 7ஆம் இலக்கப் பிழை பதிவாகியிருந்தால், தட்டிற் கெட்ட கூறு ஒன்று எதிர்ப்பட்டது என்பது பொருள். நாள், நேரம் என்பனவும் அதிற் குறிக்கப்பட்டிருக்கும். கணினி உறைந்த நேரமும் அந்நேரமும் ஒன்றாயின் சாட்சி வலுப்பெறுகிறது.

தட்டுத் தானே சொல்லும் கணக்கு

1990களின் நடுப்பகுதி முதல் வன்தட்டுகள் தம் உடல்நிலையைத் தாமே கணக்கெடுத்து வைத்துவருகின்றன. இவ்வேற்பாட்டுக்கு ‘ஸ்மார்ட்’ என்று பெயர். அக்கணக்கை விண்டோஸிற் படிப்பதற்குக் ‘கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ’ என்னும் இலவசச் செயலியும், உபுண்டுவில் ‘டிஸ்க்ஸ்’ என்னும் கருவியும் உதவும். கணக்கைப் படிப்பது மாத்திரம் தட்டுக்குச் சுமையன்று.

திறந்தவுடன் எண்கள் நிரம்பிய பட்டியலைக் கண்டு மலைக்கவேண்டியதில்லை. ஐந்து வரிகளை நோக்கினாற் போதும். 5ஆம் இலக்க வரி, விலக்கி மாற்றப்பட்ட கூறுகளின் தொகை. 197ஆம் வரி, ஐயத்துக்குரியனவாகக் காத்திருக்கும் கூறுகளின் தொகை. 198ஆம் வரி, முயன்றும் திருத்த இயலாதவை. இம்மூன்றின் நேர்த் தொகையும் பூச்சியமாக இருத்தல் வேண்டும். 199ஆம் வரி, தட்டுக்கும் கணினிக்கும் இடையே செய்தி செல்லும் வழியில் நேர்ந்த பிழைகள். இது பெருகி, மற்றை மூன்றும் பூச்சியமாயிருந்தால், பெரும்பாலும் கேபிளே காரணம். சிறிய செலவோடு விஷயம் முடியும். 9ஆம் வரி, தட்டு இயங்கிய மொத்த மணித்தியாலம்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ நேர்த் தொகையைப் பதினாறன் அடியெண் முறையிற் காட்டுவது வழக்கம். அங்கே 10 என்று கண்டால் அது 16 என்பதை மாணவர்கள் பெரியோருக்கு எடுத்துரைக்கலாம். அன்றியும், 1ஆம் இலக்க வரியிற் சில தயாரிப்பாளர்களின் தட்டுகள் மிகப் பெரிய எண்ணைக் காட்டும். அது அவர்கள் கணக்கெழுதும் முறையே ஒழிய, நோயன்று.

எண்ணைவிட எண்ணின் போக்கே முக்கியம். திடீர் மின்வெட்டின்போது பாதி எழுதிய நிலையில் நின்றுபோன கூறு ஒன்று, பின்னர்ப் படிக்கும்போது பிழையாகத் தோன்றி 197ஆம் வரியில் ஏறுவதுண்டு. அவ்விடத்தில் மறுபடி எழுதியதும் தொகை பூச்சியத்துக்கு இறங்கிவிடும். ஆனால், திங்கட்கிழமை 8 ஆக இருந்தது வெள்ளிக்கிழமை 40 ஆனால், அத்தட்டின் முடிவு நெருங்கிவிட்டது எனக் கொள்க. எண்களைத் தேதியிட்டு ஒரு தாளில் எழுதிவைத்தல் நலம்.

இக்கணக்கை எவ்வளவுக்கு நம்பலாம்? கூகிள் நிறுவனத்தின் பொறியியலாளர் மூவர் 1 இலட்சத்துக்கு மேற்பட்ட வன்தட்டுகளை ஆராய்ந்து 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. பரப்பைப் படிக்கும்போது முதற் பிழை தோன்றிய தட்டுகள், அத்தகைய பிழையற்ற தட்டுகளைவிட, அடுத்த 60 நாளுக்குள் இறப்பதற்கு 39 மடங்கு கூடிய வாய்ப்புடையனவாக இருந்தன. மறுபுறத்தில், இறந்த தட்டுகளுள் 36 சதவீதத்துக்கும் மேற்பட்டவை, வெப்பநிலை தவிர்ந்த எந்த வரியிலும் ஓர் அறிகுறியும் காட்டாமலே இறந்தன. இதிலிருந்து பெறும் பாடம் யாதெனில், ஸ்மார்ட் கணக்குக் கெட்ட செய்தி கூறினால் நம்புக. நல்ல செய்தி கூறினால் அதனையே நம்பி உறங்காதிருக்க.

தட்டுகளுக்குத் தம்மைத் தாமே பரிசோதிக்கும் ஆற்றலும் உண்டு. குறுகிய பரிசோதனை சில நிமிடங்களில் முடியும். நீண்டது பல மணித்தியாலம் கொள்ளும். படியெடுத்த பின் நீண்ட பரிசோதனையை நடத்தி, அது பாதியிற் படிப்புப் பிழையோடு நின்றதாயின் வேறு சாட்சி தேவையில்லை.

இனி அம்மாணவியின் வினாவுக்கு வருவோம். படக் கோப்புறையிலேயே உறைதல், சில வாரங்களாக வளரும் தாமதம், இடையிடையே ஒலி என்னும் மூன்றும் ஒருங்கே நிற்பதால், தட்டையே முதற்கண் ஐயுறுகிறோம். ஒலி இடையிடையே எழுவதாக எழுதியுள்ளார். அது சீராகத் தொடரத் தொடங்கிவிட்டதாயின் நிபுணரிடம் செல்ல வேண்டும். இன்னும் அந்நிலை வரவில்லையெனின், தந்தையாரின் படங்களும் குரலும் முதல் மணித்தியாலத்திலேயே வேறு தட்டுக்கு வந்து சேரட்டும். பழுதுபார்ப்பவர் கூறிய வைத்தியம் மென்பொருட் கோளாறுக்குரியது. கெட்ட தகட்டை அது குணப்படுத்தாது. அழித்துப் புதிதாக எழுதிய பின்னர், எழுதிய இடத்தில் முன்பிருந்ததை நிபுணராலும் மீட்க இயலாது.

செய்யத்தகாதவை

வன்தட்டைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் உயிர்பெறும் என்றொரு கதை நெடுங்காலமாக உலவுகிறது. வெளியில் எடுத்தவுடன், நம் நாட்டு ஈரக் காற்றில் அதன் உள்ளே நீர்த்துளி படியும். முனை மிதக்கும் இடைவெளியில் நீர்த்துளி என்பது வெள்ளப்பெருக்கு. மூடியைத் திறந்து பார்ப்பதும் அத்தகையதே. தூசி வடிகட்டிய தனியறையிலன்றி அதனைத் திறத்தல் ஆகாது. தட்டிப் பார்ப்பது, குலுக்கிப் பார்ப்பது என்பன சொல்லவே வேண்டா.

‘செக் டிஸ்க்’ என்னும் விண்டோஸ் கருவியைப் படியெடுக்குமுன் இயக்குவதும் தகாது. அது பரப்பு முழுவதையும் படிக்கக்கூடும். ஒழுங்குபடுத்துவதற்காக எழுதவுஞ் செய்யும். அதன் நோக்கம் கோப்புமுறையைச் சீராக்குவது. நம் படங்களைக் காப்பது அன்று. தொலைந்த கோப்பை மீட்கும் செயலிகளை அதே தட்டிற் பதிப்பதும் பெருந்தவறு. மீட்க வேண்டியவற்றின்மீதே அச்செயலி எழுதப்பட்டுவிடலாம்.

புதிய கணினிகளிற் சுழலும் தகடுகளுக்குப் பதிலாக ‘எஸ்.எஸ்.டி.’ எனப்படும் அசையாத் தட்டுகள் உள்ளன. அவற்றிற் சுழல்வது எதுவுமில்லை. ஆதலால் எச்சரிக்கும் ஒலியும் இல்லை. சில, எழுத மறுத்துப் படிக்க மாத்திரம் இடந்தரும் நிலைக்குச் செல்லும். சில ஒரு நாட் காலையில் முற்றாகவே மறைந்துவிடும். அழித்த கோப்பை மீட்பதும் அவற்றிற் கடினம். விரைவில் அவை சிறந்தவை என்பது உண்மை. எனினும், அவற்றை வைத்திருப்போருக்குப் படியின் தேவை குறைந்துவிடவில்லை, கூடியே இருக்கிறது.

படியில்லாத பொருள்

197ஆம் வரி ஏறிக்கொண்டேயிருக்கும் தட்டை மறுபடியும் பயன்படுத்த எண்ணாதீர். புதிய தட்டு வாங்கி, பழையதைச் சில மாதம் தொடாமல் எடுத்துவையுங்கள். படியில் ஏதேனும் விடுபட்டது பின்னர்த் தெரியவரலாம். படியெடுத்தோம் என்று சொல்லி அமைதலும் போதாது. சில படங்களையும் காணொளிகளையும் புதிய தட்டிலிருந்து உண்மையாகவே திறந்து பார்க்க வேண்டும். திறந்து பாராத படியைப் படி என்று எண்ணற்க.

மின்தடையும் நம் வீடுகளில் எண்ணத்தக்கது. 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாத முடிவில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நிகழ்ந்ததை எவரும் மறந்திரார். மின் நின்றவுடன், சுழன்றுகொண்டிருக்கும் தகடுகளின் எஞ்சிய வேகத்திலிருந்தே சிறிது மின்னைப் பெற்று, வாசிப்பு முனையைப் பத்திரமாக ஓய்விடத்துக்கு இழுத்துக்கொள்ளும் அற்புத ஏற்பாடு வன்தட்டில் உண்டு. ஆயினும் அது அவசர ஏற்பாடு. அன்றாடம் அதனைச் சோதித்தல் தகாது. யூ.பி.எஸ். ஒன்று பத்து நிமிடம் தாங்கினாலும், கணினியை முறைப்படி அணைப்பதற்கு அது போதும்.

காப்புப் பிரதிக்கு உலகெங்கும் கூறப்படும் விதி எளியது. மூன்று படிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒரு படி வேறோர் இடத்தில். வீட்டுக் கணினியில் ஒன்று, வெளி வன்தட்டில் ஒன்று, உறவினர் வீட்டிலோ இணைய வழிச் சேமிப்பிலோ ஒன்று. வெளிநாட்டில் உடன்பிறந்தோர் உள்ள குடும்பங்களுக்கு மூன்றாவது படிக்கு இடந்தேட வேண்டிய சிரமமே இல்லை.

வேறோர் இடம் என்பதன் பொருளை நம் சமூகத்துக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது 90,000க்கு மேற்பட்ட நூல்கள் அழிந்தன. ஏட்டுச் சுவடிகளும் அவற்றோடு போயின. வேறிடத்திற் படியிருந்த நூலைத் தேடிப் பெறலாம்; படியில்லாத சுவடி போயிற்றென்றால் போனதுதான். 2005ஆம் ஆண்டிலே தொடங்கப்பட்ட ‘நூலகம்’ எண்ணிம நூலகத் திட்டம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் மின்படிகளாக்கிப் பேணி வருவதன் அருமை இதனாலேயே விளங்கும். ஒரு சமூகத்துக்கு எது பொருந்துமோ அதுவே ஒரு குடும்பத்துக்கும் பொருந்தும்.

ஆகவே, வாசக நேயர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமையில் ஒரு மணித்தியாலத்தை இதற்கென ஒதுக்குவார்களாக. கணினி நலமாயிருக்கும்போதே ஒதுக்குவார்களாக. ஒலி கேட்ட பின்னர் எடுக்கும் படி அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. ஒலி கேட்குமுன் எடுக்கும் படி நம் கையைப் பொறுத்தது. வீட்டில் எவருடைய படம் ஒரே ஓரிடத்தில் மாத்திரம் உள்ளது என்று எண்ணிப் பார்த்து, அதிலிருந்தே தொடங்குக.